மூன்றாவது பொட்டலம்

டாக்குரியா, கல்கத்தா
14.6.1999

தம்பி மணிவேலுக்கு,

தமயந்தி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். உங்கள் அண்ணனைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசி வரி வரைக்கும் அதையே தேடிக்கொண்டு படிப்பீர்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவர் காணாமல் போன பிறகு நான் லேக் கார்டன்ஸில் பெண்களுக்கான ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். இப்போது வொர்க்‌ஷாப் என் பொறுப்பில் இருக்கிறது. ஹௌராவில் அவர் வேலை பார்த்த ஃபேக்டரியைக் கோர்ட் மூலம் ஏலம் விட்டுவிட்டார்கள். யாரும் எடுக்காத ஒரு பழைய மெஷினை எங்கள் பள்ளிக்குத் தானமாக அனுப்பினார்கள். போன வாரம் மழையில் லாரி வந்தது. தார்ப்பாயை எடுத்துப் பார்த்தேன். அவருடைய சி.என்.சி. மில்லிங் மெஷின். ஒரு விஸ்வகர்மா பூஜை அன்று குடும்பங்களை உள்ளே விட்டபோது ப்ரியாவைத் தூக்கிவைத்துக்கொண்டு எனக்குக் காட்டினாரே, அதே மெஷின்.

பின்பக்கக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒவ்வொரு வயரிலும் சின்னச் சின்னச் சீட்டு கட்டியிருக்கிறது. எல்லாம் தமிழில். 'மேல்', 'கீழ்', 'இது அந்த மோட்டாருக்கு', 'தொடாதே'. பள்ளிப் பிள்ளைகள் "தீதி, இது என்ன பாஷை?" என்று கேட்டார்கள். அவர் குரல் மறந்துபோய்விட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். 'தொடாதே' என்று படித்ததும் காதில் விழுந்தது.

மெஷினில் பல பாகங்கள் இல்லை. கேபினட்டில் சர்க்யூட் கார்டுகள் இருந்த இடம் காலி. முன்னால் கையால் சுற்றும் சக்கரம் இல்லை. ஒரு மோட்டாரின் பின்பக்கம் திறந்து கிடக்கிறது. இதை ஓட வைக்க வேண்டும். கோவையில் நீங்கள் இந்த மாதிரி மெஷின்களைத்தானே பழுது பார்க்கிறீர்கள்? இங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சீட்டுகளை வெளியாள் பார்ப்பதில் எனக்கு இஷ்டமில்லை.

கீழ்வீட்டு கோஷ் பாபுவின் போனுக்குக் கூப்பிட வேண்டாம். எழுதுங்கள்.

இன்னொன்று. அங்கே படத்துக்கு மாலை போட்டுக் காரியங்களை முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் தாலியைக் கழற்றவில்லை. அதைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.

தமயந்தி

*

பீளமேடு, கோயம்புத்தூர்
27.6.1999

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது.

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கல்யாணமாகி வந்தபோது நான் அரை டிராயர் போட்டிருந்தேன். என்னை நீங்கள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இருக்கட்டும்.

அம்மா போன தை மாதம் காலமானாள். தந்தி கொடுத்தோம். நீங்களும் வரவில்லை, ப்ரியாவையும் அனுப்பவில்லை.

மெஷின் விஷயம். என்னைக் கேட்டால் எடைக்குப் போட்டுவிடச் சொல்வேன். அந்தக் காலத்துக் கண்ட்ரோல், பாகம் கிடைக்காது. அப்படியும் பார்ப்பதென்றால் ஒன்று செய்யுங்கள். பாகங்களைக் கழற்றிய இடத்தில் ஸ்க்ரூக்கள் என்ன ஆயின என்று பாருங்கள். திருடன் வயரை வெட்டுவான், செம்பைத்தான் எடுப்பான். ஸ்க்ரூக்கள் மறுபடி அந்தந்தத் துளையில் மாட்டியிருந்தால், கழற்றியவன் திரும்ப வந்து பூட்டுவதாக நினைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

மோட்டாரின் பின்னால் இல்லாதது என்கோடர். கைக்குள் அடங்கும் உருண்டையான டப்பா. உள்ளே கோடு போட்ட ஒரு கண்ணாடித் தட்டு சுற்றும். இரும்பைத் தாங்கி நகரும் டேபிள் எங்கே நிற்கிறது என்று மெஷினுக்குச் சொல்வது அதுதான்.

அண்ணனைத் தேடி நான் கல்கத்தா வந்தபோது ஃபேக்டரி ஆட்கள் சொன்னதை உங்களிடம் அப்படியே சொன்னேன். முதலாளி ஃபேக்டரியைப் பூட்டிய லாக்-அவுட் நேரத்தில் பாகங்களைக் கழற்றி விற்றுவிட்டு ஓடிவிட்டான் என்றார்கள். கேட்டதைச் சொன்னதற்கு என் பெட்டியைத் தெருவில் வைத்தீர்கள். காரியம் செய்ததுகூட, ஊரில் அவன் பேர் இன்னும் கெடக் கூடாது என்றுதான். செத்தவனை யாரும் திருடன் என்று சொல்ல மாட்டார்கள்.

ஒரு வரியும் வேண்டாம் என்றீர்கள். நாலு வரி எழுதிவிட்டேன்.

மணிவேல்

*

டாக்குரியா
1.8.1999

தம்பி மணிவேலுக்கு,

ஸ்க்ரூக்கள் இருக்கின்றன. எல்லாமே அதனதன் துளையில், கிரீஸ் தடவி மாட்டியிருக்கின்றன.

உங்கள் தந்தி வந்தது. நான் வராததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். உங்கள் அம்மா என்னிடம் கடைசியாகப் பேசியது, "என் புள்ளைய ஓட வச்சவ நீதான்" என்று. அந்த வார்த்தையைக் காதில் வைத்துக்கொண்டு அவர் கால்மாட்டில் எப்படி நிற்பது?

ஸ்க்ரூக்களைப் பார்த்த பிறகு ஹௌராவுக்குப் போனேன். மூடிய கேட்டுக்கு எதிரே நிமாய் என்பவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். உங்கள் அண்ணனோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவர். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "பௌதி, பன்னீர்தா அனுப்பினாரா?" என்று கேட்டார், உங்கள் அண்ணன் அனுப்பி நான் வந்ததாக நினைத்து.

அந்தக் கேள்வியை நினைத்துப் பாருங்கள். இத்தனை வருடம் கழித்து ஒருவர் என்னிடம் அப்படிக் கேட்கிறார்.

இல்லை என்றேன். மெஷின் எங்களிடம் வந்திருக்கிறது, பாகங்கள் இல்லை என்றேன். நிமாய் என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எண்ணெய்த்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். சணலை உங்கள் அண்ணன் கட்டுகிற மாதிரியே கட்டியிருந்தது. பிரிக்க முடியாத முடிச்சாகப் போட்டு, ஒரு நுனியை மட்டும் இழுத்தால் அவிழ்ந்துவிடும்படி விடுவாரே, அது. நான் அந்த நுனியை இழுத்தேன். நிமாய் அதைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

உள்ளே கார்டுகள். முதலாளி மெஷினைப் பெயர்த்துக்கொண்டு வேறு மாநிலம் போகப் பார்த்தாராம். ஓடாத மெஷினை யாரும் தூக்கிப் போக மாட்டார்கள் என்று உங்கள் அண்ணன் பாகங்களைக் கழற்றி, நம்பிக்கையான ஆட்களிடம் கொடுத்து வைத்திருக்கிறார். ஒருவரிடம் இருப்பது எந்தப் பாகம் என்று இன்னொருவருக்குத் தெரியாது. "கேட் திறக்கிறவரைக்கும் யார் கேட்டாலும் கொடுக்காதே, என் பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லாதே" என்றாராம். பிறகு அவர் விற்றுவிட்டார் என்ற பேச்சு வந்தபோது, மற்றதையெல்லாம் விற்றுவிட்டு நம்மிடம் மட்டும் விட்டுவிட்டுப் போனார் போலிருக்கிறது என்று நினைத்து நிமாய் வாயைத் திறக்கவில்லை.

அன்று அவர் பையில் இன்னும் இரண்டு பொட்டலம் இருந்ததாம். "அடுத்தது ஜம்புநாதன் வீடு, தயிர் சாதம் சாப்பிட வைக்காம விடமாட்டார்" என்று சிரித்துக்கொண்டே சைக்கிள் ஏறினாராம்.

என்னிடம் அன்று காலை என்ன சொன்னார் தெரியுமா? துர்காபூரில் ஒரு வேலை இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். நான் மாதக்கணக்கில் துர்காபூரில் தேடினேன். அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

கார்டுகளை மாட்டினோம். திரை எரிந்தது. பச்சை எழுத்துகள் வந்தன. ப்ரியா வாசலிலேயே நின்றிருந்தாள், உள்ளே வரவில்லை. அப்பா பேரை அவள் சொல்லி வெகு காலம் ஆகிறது. "விட்டுட்டுப் போனவர் மெஷினுக்கு இவ்ளோ சேவையா மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

தமயந்தி

*

பீளமேடு
14.8.1999

அண்ணிக்கு,

கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஜம்புநாதன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டோர்ஸில் இருந்த பெரியவர்தானே? சாந்த்ராகாச்சியில் வீடு? அண்ணி, அண்ணன் பாகங்களை விற்றுவிட்டு ஓடிவிட்டான் என்று என்னிடம் சொன்னதே அவர்தான். வாசலில் நிற்க வைத்துச் சொன்னார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் அவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார்கள்.

அங்கே தனியாகப் போகாதீர்கள். போனாலும் அவர் கொடுக்கிற எதையும் குடிக்காதீர்கள். என்ன எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று அண்ணன் சொல்வான். ஆனாலும் ஒரு காரணம் இருக்கும் இல்லையா?

பவர் சப்ளை கார்டில் உப்பியிருக்கும் கெப்பாசிட்டர்கள் இருந்தால் அந்தக் கார்டைக் கழற்றி எனக்கு அனுப்புங்கள். மாற்றித் தருகிறேன்.

ப்ரியா என்ன படிக்கிறாள்?

மணிவேல்

*

டாக்குரியா
19.9.1999

மணி,

போய்வந்தேன். காபி குடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜம்புநாதன் மாமாவுக்குப் பக்கவாதம். ஒரு கை விளங்கவில்லை. அவர் மனைவி மீனாக்ஷி மாமி கதவைத் திறந்து, நான் யாரென்று சொன்னதும், உள்ளே திரும்பி, "வந்துட்டா, பன்னீர் பொண்டாட்டி வந்துட்டா" என்றார். எத்தனையோ காலமாக என்னை எதிர்பார்த்துக்கொண்டே இருந்த மாதிரி.

நான் உட்காரவில்லை. "என் கொழுந்தன்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"சொன்னேம்மா. நான்தான் சொன்னேன்" என்றார் மாமா. "முதலாளியோட ஆளுங்க வீடு வீடா வந்துண்டிருந்தா. பாகம் எங்கே, யார்கிட்ட இருக்குன்னு. உன் வீட்டுக்கும் வந்திருப்பா. நீயும் குழந்தையும் தனியா இருந்தேள். அவன் எல்லாத்தையும் வித்துட்டு ஓடிட்டான்னு ஒரு வார்த்தை விட்டேன். தேடறதை நிறுத்திட்டா. அவன் எங்கேயோ பதுங்கியிருக்கான், நாலு நாள்ல வந்துடுவான்னு நினைச்சேன். வந்தப்புறம் அவனே சிரிப்பான்னு நினைச்சேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நாலு நாள் போச்சு, மாசம் போச்சு. அப்புறம் எந்த மூஞ்சியோட வந்து சொல்றது? ஊர் பூரா அதையே பேச ஆரம்பிச்சுடுத்து. நான் விட்ட வார்த்தை எனக்கே திரும்பி வந்துது. அவன் நிஜமாவே ஓடிட்டானோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுத்தும்மா."

மாமி பீரோவிலிருந்து பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார். கைச்சக்கரமும், மோட்டார்களை ஓட்டும் டிரைவ் கார்டும். அதே முடிச்சு. எனக்குக் கோபம் வரும் என்று நினைத்துத்தான் போனேன், மணி. அந்த மனுஷனின் விளங்காத கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் வரவில்லை. எழுந்து வரவும் முடியவில்லை.

உன் அண்ணன் வந்த அன்று மத்தியானம் நல்ல மழையாம். சாப்பிட்டதும் சைக்கிளை அவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு, ரயில் யார்டைக் குறுக்கே தாண்டினால் சீக்கிரம் போய்விடலாம் என்று கடைசிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். அந்தப் பக்கம் ராம்பஜன் என்ற லேத் தொழிலாளி வீட்டுக்கு. ஜன்னலிலிருந்து மாமி பார்த்திருக்கிறார். தண்டவாளங்களுக்கு நடுவே போய், நின்றிருந்த வேகன்களுக்குப் பின்னால் மறைந்தாராம். சைக்கிள் இன்னும் அவர்கள் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. டயர் மக்கிப்போய்விட்டது. மாமி வாரம் ஒருமுறை துடைக்கிறார்.

முந்தாநாள் விஸ்வகர்மா பூஜை. பிள்ளைகள் மெஷினுக்குப் பூ வைத்தார்கள். வானம் முழுக்கப் பட்டம். டிரைவ் கார்டை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். நான் ஒரு பட்டனையும் தொடவில்லை. டேபிள் தானாக நகர ஆரம்பித்தது. மெதுவாக, யாரோ தள்ளிக்கொண்டு போகிற மாதிரி. பிள்ளைகள் கத்தினார்கள். அது போய் ஓரத்தில் முட்டி நின்றது. அன்று ப்ரியாவும் வந்திருந்தாள். எங்கே பார்த்தாள் தெரியுமா? டேபிளைப் பார்க்கவில்லை. மெஷினுக்கு முன்னால் ஆள் நிற்கும் இடத்தைப் பார்த்தாள். நானும் அங்கேதான் பார்த்தேன்.

பவர் சப்ளை கார்டில் இரண்டு கெப்பாசிட்டர் உப்பியிருந்தது, அதைக் கழற்றிப் பார்சலில் அனுப்புகிறேன். ராம்பஜன் வீட்டுக்குப் போகப் போகிறேன்.

அண்ணி

*

பீளமேடு
24.10.1999

அண்ணிக்கு,

என்கோடர் இல்லாமல் டிரைவைப் போடாதீர்கள். யாரும் தள்ளவில்லை. தான் எங்கே நிற்கிறோம் என்று மெஷினுக்குத் தெரியாது, அதனால் அது போய்க்கொண்டே இருக்கும். கை நடுவில் இருந்திருந்தால்? பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா? மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்து பூட்டுப் போட்டு, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் தள்ளவில்லை என்று எழுதிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்த அன்றைக்கு இங்கே ஒரு மெஷினுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு வந்து நின்றது. "அந்த ஸ்பேனரை எடு அண்ணா" என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஃபோர்மேன். அவரை நான் ஒருநாளும் அண்ணா என்று கூப்பிட்டதில்லை.

நீங்கள் அனுப்பிய பவர் சப்ளை கார்டைச் சரிசெய்து பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

அண்ணி, ராம்பஜன் வீட்டுக்கு இப்போது போகாதீர்கள். தீபாவளி முடிந்ததும் லீவு போட்டு வருகிறேன். இரண்டு பேருமாகப் போகலாம். யார்டு, மழை, வேகன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் என்ன நினைக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களும் அதையே நினைத்துக்கொண்டு எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். இத்தனை வருடம் அவன் மேல் கோபமாக இருந்தேன். எங்கேயோ இன்னொரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துத் திட்டுவேன். அது எனக்குப் பழகிவிட்டது. நான் வரும்வரை அவன் அந்த வீட்டிலேயே இருக்கட்டும்.

மணி

*

டாக்குரியா
21.11.1999

மணி,

ஒரிசாப் புயலில் ரயில்கள் நின்றுபோனதில் உன் கடிதமும் பார்சலும் போன வாரம்தான் வந்தன. 'போகாதீர்கள்' என்று நீ எழுதியதைப் படித்தபோது நான் போய்விட்டு வந்திருந்தேன். முன்னாலேயே வந்திருந்தாலும் போயிருப்பேன்.

ப்ரியாவும் வந்தாள். நான் கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

ராம்பஜன் நல்ல மனிதர். அவர் கையில் பொட்டலம் எதுவும் வந்து சேரவே இல்லை. அன்று சாயங்காலம் வரை மழையில் குடிசை வாசலில் நின்று பார்த்தாராம். உன் அண்ணன் வரவில்லை. "வேற பாஷைக்காரன்னு என்னை நம்பலே போலருக்குன்னு நினைச்சேன் பாபி" என்றார். அதை இத்தனை வருடம் மனசில் வைத்திருந்திருக்கிறார். அவருக்கு இருந்தது அந்த ஒரு வருத்தம்தான்.

"யார்டுல அன்னிக்கு ஏதாவது நடந்துதா?" என்று ப்ரியாதான் ஹிந்தியில் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. ஆனால் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்களை ரயில்வே போலீஸ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ரிட்டயராகப் போகிற ஒரு ஏட்டு இருந்தார். வருடத்தையும் மாதத்தையும் சொன்னோம். விஸ்வகர்மா பூஜைக்கு முன்னால், மழை நாள் என்றோம். அவர் எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சாக்குத் துணியை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். "ஏதோ விலையுள்ள சாமான் மாதிரி இருந்தது. கேட்டுக்கிட்டு யாராவது வருவாங்கன்னு வெச்சிருந்தேன்" என்றார் பெங்காலியில்.

எண்ணெய்த்தாள் கிழிந்திருந்தது. முடிச்சு அவிழாமல் இருந்தது. உருண்டையான டப்பா, கைக்குள் அடங்குகிற மாதிரி. நீ எழுதியபடியே.

எஞ்சின் தள்ளிவிட்ட பிறகு தனியாக உருண்டு வரும் வேகனுக்குச் சத்தமே இருக்காதாம், மணி. மழை வேறு. அடையாளம் தெரியாத ஆண் என்று ஹௌரா ஸ்டேஷன் போர்டில் படம் ஒட்டியிருக்கிறார்கள். பேப்பரிலும் போட்டிருக்கிறார்கள். யாரும் வரவில்லை என்று அவர்களே தகனம் செய்துவிட்டார்கள். நான் துர்காபூரில் அவர் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். இங்கே இவர்கள் ஒட்டியிருக்கிறார்கள்.

ஒரு போட்டோ இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கேட்டார். ப்ரியா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "மா, தூமி போஷோ. நான் பாக்கறேன்" என்றாள். வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் கொடுத்தாள். நானும் பார்த்தேன். முகத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. தூங்குகிற மாதிரி என்று சொல்வார்களே, அப்படி இல்லை. எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது புருவத்தைச் சுருக்குவாரே, அப்படி இருந்தது.

வரும் வழியில் பஸ்ஸில் ப்ரியா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். "பாபா நம்மள விட்டுட்டுப் போகலே மா" என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடியும் அதையே சொன்னாள். நான் ஆமாம் என்றேன்.

என்கோடரை ஆட்டினால் உள்ளே சரசரவென்று சத்தம் வருகிறது. அதைச் சரிசெய்ய முடியுமா? இதற்கு மட்டும் உண்மையைச் சொல்லு.

அண்ணி

*

பீளமேடு
2.12.1999

அண்ணி,

முடியாது. உள்ளே இருக்கும் கண்ணாடித் தட்டு உடைந்துவிட்டது. அதற்கு வைத்தியம் இல்லை. இங்கே உடைத்த ஒரு மெஷினிலிருந்து அதே மாதிரி ஒன்றைத் தேடிப்பிடித்துவிட்டேன். எடுத்துக்கொண்டு வருகிறேன்.

பதினோராம் தேதி சனிக்கிழமை காலை ஹௌராவில் இறங்குவேன். அதுவரை எதையும் கழற்ற வேண்டாம், எதையும் மாற்ற வேண்டாம். யார் என்ன சொன்னாலும் சரி. மெஷினுக்கு மட்டும் சொல்லவில்லை.

ப்ரியாவைக் கங்கைக்கு வரச் சொல்லுங்கள். அவள் வராமல் நான் எதுவும் செய்யப்போவதில்லை. முன்பு ஒருமுறை அவளைக் கேட்காமல் செய்தது போதும்.

மணி

*

டாக்குரியா
6.2.2000

அன்புள்ள மணி,

நீ ஊர் போய்ச் சேர்ந்து எழுதிய கார்டு கிடைத்தது. பதில் போட இத்தனை நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

மெஷின் நன்றாக ஓடுகிறது. நீ புது என்கோடரை மாட்டிய அன்று டேபிள் அசையாமல் நின்றதே, அதற்குப் பிறகு ஒருநாளும் தானாக நகரவில்லை. பிள்ளைகள் ஒரு பிளேட்டில் வரிசையாகத் துளை போட்டார்கள். ஜம்புநாதன் மாமாவைச் சைக்கிள் ரிக்‌ஷாவிலும் டாக்ஸியிலுமாகக் கூட்டிவந்து காட்டினோம். நிமாய், ராம்பஜன் இரண்டு பேரும் வந்தார்கள். ஒரே மெஷினின் பாகத்துக்குக் காவல் இருந்தவர்கள் முதல் தடவையாக ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். ராம்பஜன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். மாமா அழுதார். "நான் சொன்னதை எல்லார் முன்னாடியும் இல்லைன்னு சொல்லிடறேன்" என்று சொல்லி, அப்படியே சொல்லவும் செய்தார். பன்னீர் திருடனில்லை என்று அந்த அறையில் எல்லோரும் கேட்டார்கள். இனிமேல் அவர் பேரைக் காப்பாற்ற யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை.

அவருடைய சீட்டுகளை எடுக்கவில்லை. பிள்ளைகளுக்குத் 'தொடாதே' படிக்கத் தெரிந்துவிட்டது. வகுப்பில் ஒருத்தியை ஒருத்தி அதைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள்.

பழைய என்கோடரையும் கங்கையில் விட்டுவிடலாம் என்று நீ சொன்னாய், நான் கொடுக்கவில்லை. பீரோவில்தான் இருக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே கண்ணாடித் தூள் நகரும் சத்தம் கேட்கிறது. புடவையில் சுற்றி வைத்துப் பார்த்தேன். கேட்கத்தான் செய்கிறது. ப்ரியா கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறாள். ஒருநாள் நான் வீட்டுக்குள் வந்தபோது, அவள் பீரோவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

போன ஞாயிறு மத்தியானம் கடைக்குப் போய்விட்டு டாக்குரியா ஸ்டேஷன் வழியாக வந்தேன். முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். அதே முதுகு. ஒரு தோளைச் சற்றுத் தாழ்த்தி நடக்கிற அதே நடை. என் கால்கள் அவர் பின்னாலேயே போய்விட்டன. எனக்குத் தெரியும், மணி. அந்தப் போட்டோவைப் பார்த்தவள் நான். கங்கைக் கரையில் உன் பக்கத்தில் நின்றவள் நான். அப்படியும் போனேன். இத்தனை வருடத்தில் இப்படி எத்தனை முதுகுகளுக்குப் பின்னால் நடந்திருக்கிறேன் என்று உங்கள் யாருக்கும் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு அது நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன்.

ஏரிக்கரை வரை போனேன். அவர் நின்று திரும்பினார். "கிச்சு போல்பேன், மாஷிமா?" என்றார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார். பெரியம்மா என்கிற மாதிரி என்னை மாஷிமா என்கிறார். எனக்குத்தான் தலை முழுக்க நரைத்துவிட்டதே! அவருக்கு முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது இருக்கும். உன் அண்ணன் அன்று காலை வாசலில் செருப்பு மாட்டியபோது இருந்த வயது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பின்தொடர்ந்த ஆண்கள் எல்லோருமே அந்த வயதுக்காரர்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் நரைத்திருக்கும். உங்கள் அப்பாவைப் போல முன்நெற்றி ஏறியிருக்கும். எதிரிலேயே வந்திருந்தாலும், அவரைத் தாண்டிப்போய் வேறு யாரோ ஒரு சின்ன வயதுக்காரர் பின்னால்தான் நான் நடந்திருப்பேன்.

"ஒன்றுமில்லை, வேறு யாரோ என்று நினைத்தேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும். ப்ரியா தேடிக்கொண்டு வந்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாபா இப்ப இருந்தா எப்படி இருப்பார்?" என்று அவளைக் கேட்டேன்.

அவள் யோசித்தாள். "தொப்பை போட்டிருப்பார்" என்றாள்.

"கண்ணாடியும் போட்டிருப்பார். சின்ன வேலை, கண்ணுக்குக் கஷ்டம்."

"போட மாட்டார். வேணாம்னு அடம் பிடிப்பார். அப்புறம் பேப்பரை நீட்டிப் பிடிச்சுப் படிப்பார்."

அதற்கு இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு முன்நெற்றியை ஏற்றினோம். காதோரம் நரைக்க வைத்தோம். மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்று ஒரு சண்டை வந்தது. வாங்காது என்று ப்ரியா சொன்னாள், நான் விட்டுக்கொடுத்தேன். ஏரியில் படகுக்காரப் பையன்கள் கரையேறிப் போகும்வரை அங்கேயே உட்கார்ந்து, அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வயதாக்கிக்கொண்டிருந்தோம்.

அண்ணி